சுரங்க வளாகங்களில் தீ அபாயமும் தீப் பாதுகாப்பும்: எதற்கு முதலிடம் தருவது?

சுரங்க வளாகம் ஒன்றுக்குத் தீப் பாதுகாப்புத் திட்டம் வகுக்கும்போது, சாதாரணத் தொழிற்சாலைக்கு வகுக்கும் திட்டத்திலிருந்து அது எங்கெங்கே மாறுபடும், பணத்திலும் கவனத்திலும் எதற்கு முதலிடம் தர வேண்டும் என்பது கேள்வி. என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தரைக்கு மேலே ‘இந்தத் தீயை எப்படி அணைப்பது’ என்று தொடங்கலாம். தரைக்குக் கீழே ‘இங்கே தீப்பிடித்தால் புகை எந்த வழியாகப் போகும், அந்த வழியில் யார் யார் இருக்கிறார்கள்’ என்றுதான் தொடங்க வேண்டும். தீயணைப்பான்களும் நீர்த்தெளிப்பான்களும் இந்தக் கேள்விக்கு விடை கண்ட பிறகே வரிசைக்கு வர வேண்டியவை. பல திட்டங்களில் இந்த வரிசை தலைகீழாக இருப்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

தொழிற்சாலையில் தீப்பிடித்தால் ஒருவர் சில நிமிடங்களில் கதவைத் தாண்டித் திறந்த வெளிக்கு வந்துவிடலாம். நிலத்தடியில் வேலை செய்பவருக்கு அந்தத் திறந்த வெளி சில கிலோமீட்டர் தொலைவிலும் பல நூறு மீட்டர் உயரத்திலும் இருக்கிறது. அவர் மூச்சு விடும் காற்று, பெரிய மின்விசிறிகளின் விசையால், வகுத்த பாதை வழியாக அவரிடம் வந்து சேர்கிறது. அந்தப் பாதையின் தொடக்கத்தில் எது எரிந்தாலும் அதன் புகை அதே விசிறியின் வேகத்திலேயே அவரையும் வந்தடையும். புகையில் முதலில் கொல்வது கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிணைந்துகொள்கிறது. காற்றில் பத்து லட்சத்தில் 1,200 பங்கு இருந்தாலே உடனடி உயிராபத்து என்று தொழில்சார் நலத்துறையினர் வரையறுத்திருக்கிறார்கள்; 1 விழுக்காட்டைத் தாண்டினால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். நிலத்தடித் தீ விபத்துகளில் இறந்தவர்களில் மிகப் பலர் தீச்சுவாலையைக் கண்ணால் பார்த்தவர்களே அல்லர்.

இதை ஒரே நிகழ்வில் காட்ட வேண்டுமானால் 1956 ஆகஸ்ட் 8 அன்று பெல்ஜியத்தின் மார்சினெல் நிலக்கரிச் சுரங்கத்தில் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். 975 மீட்டர் ஆழத்தில் கூண்டுத் தூக்கியில் ஏற்றிய நிலக்கரி வண்டி ஒன்று முழுதாக உள்ளே போகாமல் வெளியே நீட்டிக்கொண்டிருந்த நிலையிலேயே கூண்டு மேலே இழுக்கப்பட்டது. நீட்டியிருந்த வண்டி அங்கிருந்த உத்தரத்தில் மோத, அழுத்தத்தில் இருந்த எண்ணெய்க் குழாயும் மின்கம்பிகளும் அழுத்தக் காற்றுக் குழாயும் ஒன்றாக அறுந்தன. பீறிட்ட எண்ணெய், பொறி, அதை ஊதிவிடக் காற்று என்று தீக்கு வேண்டிய மூன்றும் ஒரே இடத்தில் ஒரே கணத்தில் சேர்ந்துவிட்டன. அது சுரங்கத்துக்குள் புதுக்காற்று இறங்கும் குழியாக இருந்ததால், புகை காற்றோட்டத்துடனேயே வேலைத்தளங்களுக்குப் போனது. கீழே இருந்த 275 பேரில் 262 பேர் இறந்தார்கள். எரிந்த இடம் சிறியது. இறந்தவர்களில் பெரும்பாலோர் அதிலிருந்து வெகு தொலைவில் இருந்தவர்கள். எண்ணெய்க் குழாயையும் மின்கம்பியையும் அழுத்தக் காற்றுக் குழாயையும் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது, அதிலும் புதுக்காற்றுக் குழியில் கொண்டுபோகவே கூடாது என்பதை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

நிலக்கரிச் சுரங்கத்தில்தான் தீ வரும், கடினப் பாறையில் எரிய என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கிறார்கள். இந்த நினைப்பு மிகவும் ஆபத்தானது. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் உள்ள சன்ஷைன் சுரங்கம் வெள்ளி எடுக்கும் சுரங்கம். 1972 மே 2 அன்று அங்கு மூண்ட தீயில் 91 பேர், பெரும்பாலும் கார்பன் மோனாக்சைடால், இறந்தார்கள். ஒரு வாரம் கழித்து இரண்டு பேர் உயிருடன் மீட்கப்பட்டார்கள். புதுக்காற்று வந்துகொண்டிருந்த ஓரிடத்தில் அவர்கள் ஒதுங்கியிருந்ததே அதற்குக் காரணம். தென்னாப்பிரிக்காவின் கின்ராஸ் தங்கச் சுரங்கத்தில் 1986 செப்டம்பர் 16 அன்று, பற்றவைப்பு (வெல்டிங்) வேலையின்போது எழுந்த தீ சுரங்கப் பாதையின் சுவர்களில் பூசியிருந்த பாலியூரித்தேன் நுரைக்குப் பரவியது. அதன் நச்சுப் புகையால் 177 பேர் இறந்தார்கள். சன்ஷைனிலும் தடுப்புச் சுவர்களில் அதே வகை நுரை இருந்தது. பாறை எரியாமல் இருக்கலாம். ஆனால் நாம் உள்ளே கொண்டுபோகும் மரம், ரப்பர், நுரை, டீசல், எண்ணெய், மின்கம்பி உறை, பிளாஸ்டிக் காற்றுக் குழாய் எல்லாம் எரியும். ஆகவே கீழே இறங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ‘இது எரிந்தால் என்ன வாயு வரும்’ என்ற கேள்விக்கு எழுத்தில் விடை இருக்க வேண்டும். காற்றுக்கசிவை அடைக்க நுரை மலிவாகவும் எளிதாகவும் இருக்கிறது என்ற வாதத்தை, எரியாத பூச்சு கிடைக்கும் காலத்தில், நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

ஆகத் திட்டத்தின் முதல் ஆவணம் தீயணைப்புக் கருவிகளின் பட்டியலாக இருக்கக் கூடாது. காற்றோட்ட வரைபடமாக இருக்க வேண்டும். அதன்மேல் எரிபொருள் நிரப்பும் இடம், பணிமனை, மின்மாற்றி, கன்வேயர் இயக்கி, காற்றழுத்தி (கம்ப்ரசர்), மின்கலன் ஏற்றும் நிலையம் ஆகியவற்றைக் குறித்து, ஒவ்வொன்றிலும் தீ மூண்டதாகக் கொண்டு, புகை எத்தனை நிமிடத்தில் எந்த வேலைத்தளத்தை அடையும் என்று கணக்கிட வேண்டும். கூடியவரை இவை எல்லாவற்றின் காற்றும் நேரடியாக வெளியேறும் பாதைக்குப் போகுமாறு அமைப்பதும், எரியாத சுவரும் தானாக மூடும் இரும்புக் கதவும் வைப்பதும் எந்தத் தெளிப்பானைவிடவும் அதிக உயிர்களைக் காக்கும். யூட்டா மாநிலத்தின் வில்பர்க் சுரங்கத்தில் 1984 டிசம்பர் 19 அன்று 27 பேரைக் கொன்ற தீ, ஆள் கவனிப்பு இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த பழுதான காற்றழுத்தி ஒன்றில் தொடங்கியது. அது எரியாத அறைக்குள் அடைக்கப்பட்டிருக்கவில்லை.

எரியும் பொருள்களில் கன்வேயர் பெல்ட்டுக்குத் தனி இடம் உண்டு. வளாகத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நீளும் ரப்பர் அது. தீ அதன்மேல் தொடர்ந்து நடந்து போகும். இங்கிலாந்தின் கிரெஸ்வெல் சுரங்கத்தில் 1950 செப்டம்பர் 26 அன்று, ஒரு பெல்ட்டிலிருந்து இன்னொரு பெல்ட்டுக்கு நிலக்கரி கொட்டும் இடத்தில், கிழிந்த பெல்ட் துண்டு சிக்கி உராய்ந்து சூடேறித் தீப்பிடித்து 80 பேர் இறந்தார்கள். தீப்பரவலைத் தடுக்கும் பெல்ட்டுகள் நிலத்தடியில் கட்டாயமாக வந்ததற்குப் பின்னால் இந்த விபத்து இருக்கிறது. ஆனால் அப்படிப்பட்ட பெல்ட் எரியவே எரியாது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. சிறு சுடரை அகற்றினால் தானாக அணையும் பெல்ட், பக்கத்தில் நிலக்கரித் தூளோ எண்ணெய்க் கழிவோ பெரிதாக எரிந்துகொண்டிருந்தால் தானும் சேர்ந்து எரியும்.

பெல்ட் தீ பெரும்பாலும் தாங்கி உருளையில் தொடங்குகிறது. உருளைக்குள் இருக்கும் பேரிங்கில் தூசி புகுந்து மசகு வற்றிப்போனால் முதலில் ஒரு கீச்சொலி வரும். பிறகு உருளை சுழலாமல் இறுகிவிடும். ஓடும் பெல்ட் அதன்மேல் உரசிக்கொண்டே போகும். மாதக்கணக்கில் உரசினால் உருளையின் இரும்புத் தோல் கத்தி முனைபோலத் தேய்ந்து சூடேறும். பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும்வரை, ஒவ்வோர் அங்குலமும் ஒரு நொடிகூடத் தங்காமல் கடந்து போவதால், பெல்ட் அந்தச் சூட்டைத் தாங்கிக்கொள்கிறது. ஷிஃப்ட் முடிந்து பெல்ட்டை நிறுத்தியதும் ரப்பரின் ஓரிடம் அந்தச் சூடான உருளைமேல் அசையாமல் படிந்துவிடும். கீழே குவிந்திருக்கும் தூளும் அதே சூட்டில் கனியத் தொடங்கும். எல்லோரும் போன பிறகுதான் புகை கிளம்பும். ஆகவே பெல்ட் ஓடும்போது சுற்றிப் பார்ப்பது மட்டும் போதாது; நிறுத்திய பிறகு, வெப்பப்படக் கருவியுடன், முழு நீளத்தையும் ஒருவர் நடந்து பார்க்க வேண்டும். உருளைகளுக்கு அடியில் சேரும் தூளை ஒவ்வொரு ஷிஃப்டிலும் அள்ளிவிட வேண்டும். இந்த இரண்டு பழக்கங்களும் இருந்தால் பெல்ட் தீயின் பெரும்பகுதி பிறக்கவே பிறக்காது. அதற்குமேல் பெல்ட் நழுவினால் நிறுத்தும் சுவிட்சு, பக்கவாட்டில் விலகினால் நிறுத்தும் சுவிட்சு, இயக்கித் தலைப்பில் தானியங்கி நீர்த்தெளிப்பு, வழி நெடுக கார்பன் மோனாக்சைடு உணரிகள் ஆகியவை வேண்டும்.

இவை எல்லாம் வரைபடத்தில் இருந்தும் கை கொடுக்காமல் போவதற்கு, மேற்கு வர்ஜீனியாவின் அரகோமா சுரங்கத்தில் 2006 ஜனவரி 19 அன்று நடந்தது சான்று. விலகி ஓடிய பெல்ட் உராய்ந்து தீப்பிடித்தது. நீர்க்குழாயைத் திறந்தபோது தண்ணீர் வரவில்லை. பெல்ட் பாதைக்கும் தப்பும் பாதைக்கும் இடையில் இருந்திருக்க வேண்டிய தடுப்புச் சுவர் அகற்றப்பட்டிருந்ததால் புகை தப்பும் பாதைக்குள்ளேயே புகுந்தது. பன்னிரண்டு பேர் கொண்ட குழுவில் பத்துப் பேர் வெளியே வந்தார்கள். புகையில் வழி தவறிய இருவர் வரவில்லை. சுவரை இடித்த அன்று அது ஏதோ ஒரு வேலை வசதிக்காகத்தான் இடிக்கப்பட்டிருக்கும். அதனால்தான் காற்றுத் தடுப்புச் சுவர் எதையும் காற்றோட்டப் பொறுப்பாளரின் கையொப்பம் இல்லாமல் தொடக் கூடாது என்ற விதி வேண்டும் என்கிறேன்.

அடுத்தது வண்டிகள். திறந்தவெளிச் சுரங்கங்களில் மிக அடிக்கடி நிகழும் தீ இவற்றில்தான். டம்பர் லாரி, லோடர், துளையிடும் எந்திரம் எதை எடுத்தாலும் ஓர் எஞ்சின் அறைக்குள், எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போசார்ஜரும் அதிலிருந்து ஒரு கை தொலைவில் ஹைட்ராலிக் எண்ணெய்க் குழாய்களும் இருக்கும். பாரம் இழுக்கும்போது டர்போசார்ஜரின் மேற்பரப்பு 600 பாகை செல்சியசைத் தொடக்கூடும். ஹைட்ராலிக் எண்ணெய் 300 பாகைக்குச் சற்று மேலேயே தானாகப் பற்றிக்கொள்ளும். டீசலுக்கு அதுவும் வேண்டியதில்லை. ஒரு குழாய் ஏதோ ஒரு பிடிப்பானில் உரசி உரசி, மேல் ரப்பர் போய், உள்ளிருக்கும் கம்பிப் பின்னல் தெரிய ஆரம்பித்திருக்கும். ஒருநாள் அங்கு ஊசித் துளை விழும். அதிலிருந்து வரும் எண்ணெய் சொட்டாது. நூற்றுக்கணக்கான மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் மென்பனிபோலச் சீறும். அந்தப் பனி டர்போசார்ஜரைத் தொட்ட நொடியில் எஞ்சின் அறை முழுவதும் தீ. ஓட்டுநர் அமர்ந்திருக்கும் இடமோ தரையிலிருந்து பல மீட்டர் உயரத்தில். இறங்கும் ஏணி பெரும்பாலும் அதே எஞ்சினுக்குப் பக்கத்தில்.

இதற்கு வண்டியிலேயே பொருத்திய தானியங்கி அணைப்பு அமைப்பு கட்டாயம் வேண்டும். ஆனால் அது எஞ்சினையும் எரிபொருளையும் தானே நிறுத்துவதாக இருக்க வேண்டும். எஞ்சின் ஓடினால் பம்ப் ஓடும். பம்ப் ஓடினால் தீக்கு எண்ணெய் போய்க்கொண்டே இருக்கும். உலர் இரசாயனப் பொடி சுவாலையை உடனே வீழ்த்தும், ஆனால் உலோகத்தைக் குளிர்விக்காது. பொடி தீர்ந்தபின் அதே சூட்டில் மறுபடி பற்றும். தீயணைப்பு நுரை குளிர்விக்கும், ஆனால் மூலை முடுக்கெல்லாம் பொடியைப்போல எட்டாது. பெரிய எந்திரங்களில் இரண்டையும் சேர்த்து வைப்பதே சரி. இதைவிட மலிவான பாதுகாப்பும் உண்டு: டர்போசார்ஜருக்கு வெப்பக் காப்புறை, குழாய்களை வழி மாற்றி இழுப்பது, எஞ்சின் அறையை வாரம் தோறும் கழுவுவது, காலக்கெடு முடிந்த குழாயை நன்றாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுவது. பழைய நுரைகளில் இருந்த ஃபுளோரின் சேர்மங்கள் மண்ணிலும் நீரிலும் அழியாமல் தங்குவதால் இப்போது ஃபுளோரின் இல்லாத நுரைகளுக்கு மாறி வருகிறார்கள். மாறும்போது தொட்டியில் திரவத்தை மட்டும் மாற்றி நிறுத்திவிடக் கூடாது. புதிய நுரைக்குப் பொருந்தும் முனைகளும் கலவை அளவும் மறுபடி சோதிக்கப்பட வேண்டும்.

லாரி டயரைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். பிரேக் சூட்டாலோ, மேலே போகும் மின்கம்பியைத் தொட்டதாலோ, மின்னலாலோ டயருக்குள் ரப்பர் சிதைந்து எரிவாயு சேர்ந்தால், வெளியே எந்த அறிகுறியும் இல்லாமலேயே, மணிக்கணக்கில் கழித்துக்கூட அது வெடிக்கும். சுற்றிலும் 300 மீட்டர் தொலைவுக்கு ஆள்களை விலக்கி 24 மணி நேரம் அணுகாமல் இருப்பதுதான் பல சுரங்கங்களில் கடைப்பிடிக்கும் வழக்கம். தீ அணைந்துவிட்டதே என்று பக்கத்தில் போவதுதான் உயிரைக் குடிக்கிறது.

லித்தியம் மின்கலன் வண்டிகள் இப்போது நிலத்தடிக்கு வருகின்றன. டீசல் புகை குறைவது பெரிய நன்மை, அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு கலம் கட்டுமீறிச் சூடேறினால் அடுத்த கலத்துக்குப் பரவி, ஹைட்ரஜன் ஃபுளோரைடு உள்ளிட்ட நச்சுகளையும் எரியும் வாயுக்களையும் கக்கும். அணைந்ததுபோலத் தோன்றி மறுநாள் மறுபடி பற்றும். ஏற்றும் நிலையத்தின் காற்றை நேராக வெளியேறும் பாதைக்கு விடுவதும், நெடுநேரம் குளிர்விக்கத் தேவையான நீரை உறுதிசெய்வதும், சேதமடைந்த மின்கலனைத் தனியே வைக்க இடம் ஒதுக்குவதும் வண்டி வாங்குவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டிய வேலைகள்.

நிலக்கரிச் சுரங்கங்களில் முக்கியமாக மூன்று கூடுதல் அபாயங்கள் உள்ளன. நிலக்கரியிலிருந்து வெளிவரும் மீத்தேன் வாயு காற்றில் 5 முதல் 15 விழுக்காடுவரை இருக்கும்போது வெடிக்கும். நிலக்கரித் தூள் தானே வெடிமருந்து; 1906-இல் பிரான்சின் கூரியேர் சுரங்கத்தில் 1,099 பேரைக் கொன்றது தூள் வெடிப்பு. சுண்ணாம்புக்கல் பொடியைப் பாதைகளில் தூவி எரியாத பங்கை உயர்த்துவதும், வெடிப்பலை வந்தால் கவிழ்ந்து நீரைச் சிதறும் தொட்டிகளை வழியில் தொங்கவிடுவதும் இதற்கான தடுப்புகள். இவற்றைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம் என்பதால் இங்கே விரிக்கவில்லை.

மூன்றாவது அபாயம் தானாகச் சூடேறுதல். அது அமைதியாக வருவதால் அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். உடைந்த நிலக்கரி ஆக்சிஜனை உள்வாங்கும்போது சிறிது வெப்பம் வெளிவருகிறது. காற்று நன்றாக ஓடினால் அந்த வெப்பம் போய்விடும். காற்றே இல்லாவிட்டால் வெப்பம் பிறக்காது. இரண்டுக்கும் நடுவே, வெட்டி விட்டுவிட்ட பகுதிகளிலும், கூரையைத் தாங்க விட்டுவைத்துப் பிளந்துபோன நிலக்கரித் தூண்களிலும், மெல்லக் காற்று கசியும் இடத்தில்தான் சூடு சேர்ந்துகொண்டே போகிறது. கந்தகம் மிகுந்த உலோகக் கனிமங்களிலும் இது நடக்கும். வெறும் கார்பன் மோனாக்சைடு அளவை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, ஏனெனில் காற்றோட்டம் கூடினால் அளவு குறைந்து தெரியும். அதனால் கிரஹாம் விகிதம் பார்க்கிறார்கள்: காற்றில் குறைந்துபோன ஆக்சிஜனுக்கு எத்தனை விழுக்காடு கார்பன் மோனாக்சைடு உண்டாகியிருக்கிறது என்பதே அது. அரை விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் பொதுவாக இயல்பு. 1-ஐத் தாண்டினால் எங்கோ சூடேறுகிறது. 2-ஐத் தாண்டினால் நிலைமை மோசம். 3-ஐத் தாண்டினால் தீ இருக்கிறது என்றே கொள்ளலாம். ஒவ்வொரு சுரங்கத்துக்கும் அதன் நிலக்கரிக்கும் ஏற்ப இயல்பு அளவு மாறும் என்பதால், ஒரு நாளின் எண்ணைவிட வாரக்கணக்கில் கோடு எந்தப் பக்கம் ஏறுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். 2014 மே 13 அன்று துருக்கியின் சோமா சுரங்கத்தில் 301 பேர் கார்பன் மோனாக்சைடு நிறைந்த புகையில் சிக்கி இறந்த பிறகு இந்தக் கண்காணிப்பின் அருமையை யாருக்கும் தனியே எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

தரைக்கு மேலே உள்ள பிரிவுகளில் தொழிற்சாலைத் தீப் பாதுகாப்பு முறைகள் பெரும்பாலும் அப்படியே பொருந்தும். அமெரிக்கத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் 120-ஆம் எண் தரநிலை நிலக்கரிச் சுரங்கங்களுக்கும், 122-ஆம் எண் தரநிலை உலோகச் சுரங்கங்களுக்கும் கனிம ஆலைகளுக்கும் உரியவை. எந்த நாட்டில் இருந்தாலும் உள்நாட்டு விதிகளோடு இவற்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. கவனம் மிகுதியாகத் தேவைப்படும் ஆலை, செம்பு போன்றவற்றைக் கரைப்பானால் பிரித்தெடுக்கும் ஆலை. அங்கே மண்ணெண்ணெய் வகைக் கரைப்பான் பெரும் தொட்டிகளில் திறந்த பரப்பாக நிற்கிறது. பிளாஸ்டிக் குழாய்களில் ஓடும்போது நிலைமின்சாரம் சேர்கிறது. தெற்கு ஆஸ்திரேலியாவின் ஒலிம்பிக் டேம் வளாகத்தில் 1999-இலும் மறுபடி 2001-இலும் இந்தப் பிரிவு எரிந்தது. மின்னைக் கடத்தும் குழாய்கள், ஓட்ட வேகக் கட்டுப்பாடு, சிந்திய கரைப்பானை எரியும் நிலையிலும் வெளியே கொண்டுபோகும் வடிகால், தொட்டிகளுக்கு இடையே போதிய இடைவெளி, நுரைப் பொழிவு அமைப்பு ஆகிய அனைத்தும் அங்கே சேர்ந்தே வேண்டும். ஒன்றை வைத்து இன்னொன்றை விட்டுவிட முடியாது.

பற்றவைப்பு வேலை தனி அக்கறைக்குரியது. அரவை எந்திரங்களின் உட்புறம் ரப்பர் பூசியிருக்கும். பல தொட்டிகள் நாரிழைப் பிளாஸ்டிக்கால் ஆனவை. நீரும் சேறும் நிறைந்து ஓடும்போது எரியாத இவை, பராமரிப்புக்காகக் காலிசெய்து உலர்ந்திருக்கும் நாளில் ஒரே பொறியில் பற்றும். தெளிப்பான் குழாயை அடைத்து வைப்பதும் அதே பராமரிப்பு நாளில்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. வேலை முடிந்தபின் குறைந்தது ஒரு மணி நேரம் ஒருவர் அங்கேயே நின்று பார்க்க வேண்டும். மின் அறைகளில் கம்பிகள் சுவரைத் துளைத்துப் போகும் ஓட்டைகளைத் தீத்தடுப்புப் பொருளால் அடைப்பது சிறிய வேலை, ஆனால் புதிதாக ஒரு கம்பி இழுத்தவர் அதைத் திறந்துவிட்டுப் போயிருப்பார் என்பதே வழக்கம். வெடிமருந்துக்குப் பயன்படும் அமோனியம் நைட்ரேட்டின் கிடங்கில் தீ பொருளைத் தொட்டுவிட்டால் அணைக்க முயலாமல் அனைவரையும் வெகுதூரம் வெளியேற்ற வேண்டும். அங்கே எரிபொருளோ மரப் பலகையோ கலக்காமல் காப்பதுதான் பாதுகாப்பு.

கைவிட்ட பகுதிகளையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் ஹேசல்வுட் திறந்தவெளிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் 2014 பிப்ரவரி 9 அன்று, வெளியே எரிந்த புதர்த்தீயின் தணல் பறந்து வந்து வேலை முடிந்த பகுதியில் விழுந்தது. அந்தப் பகுதியின் நீர்க்குழாய்கள் முன்பே அகற்றப்பட்டிருந்தன. தீ 45 நாள் எரிந்தது. பக்கத்தில் இருந்த மோர்வெல் நகரம் அத்தனை நாளும் புகையில் இருந்தது. உற்பத்தி நின்றாலும் அங்கே எரியும் பொருள் வெளிப்பட்டுக் கிடக்கிறது என்பதால், மண்ணிட்டு மூடும்வரை குழாயை எடுக்கக் கூடாது.

இனி ஆள்கள் தப்புவது. ஒன்றையொன்று சாராத இரண்டு வெளியேறும் வழிகள் கட்டாயம். அவற்றில் ஒன்று புதுக்காற்றுப் பாதையில் இருக்க வேண்டும். எச்சரிக்கை மணி எட்டாத இடங்களுக்கு, கடும் நாற்றமுள்ள எத்தில் மெர்காப்டனைக் காற்றில் கலந்து அனுப்பும் முறை பழையது என்றாலும் இன்றும் பயன்படுகிறது. புகையில் கண் தெரியாதபோது பிடித்து நடக்கும் வழிக்கயிற்றில், வெளியே போகும் திசையைக் கையால் தடவியே அறியும்படி கூம்புகள் கோத்திருக்க வேண்டும்.

இடுப்பில் தொங்கும் சுய மீட்புக் கருவியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. வடிகட்டும் வகைக் கருவி கார்பன் மோனாக்சைடைக் கார்பன் டை ஆக்சைடாக மாற்றும்; காற்றில் ஆக்சிஜன் போதிய அளவு இருந்தால் மட்டுமே அது உயிரைக் காக்கும். ஆக்சிஜனைத் தானே உண்டாக்கும் வகைக்கு அந்தக் குறை இல்லை. இரண்டிலும் மூச்சுக்காற்று சூடாகவும் வறண்டும் வரும். வாயில் கடித்திருக்கும் பகுதி எரிச்சல் தரும். மூச்சு இழுப்பது கடினமாக இருக்கும். கருவி கெட்டுவிட்டது என்று எண்ணிக் கழற்றத் தோன்றும். உண்மையில் சூடு கூடுவது கருவி வேலை செய்வதற்கான அடையாளம். பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை பேசுவதற்காக வாயிலிருந்து எடுத்தாலும் போதும், நச்சு உள்ளே போய்விடும். இதைப் படத்தில் காட்டி விளக்கினால் மனத்தில் நிற்காது. சூடான காற்றைத் தரும் பயிற்சிக் கருவியை மாட்டிக்கொண்டு, இருட்டில், உண்மையான பாதையில் நடக்கவைக்க வேண்டும். அப்படி நடந்தவர் கழற்றமாட்டார். அந்த நடையில் ஆகும் நேரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் கருவி தரும் நேரத்துக்குள் எட்ட முடியாத தொலைவு இருந்தால் இடையில் மாற்றுக் கருவிகளின் இருப்போ புகலிட அறையோ வேண்டும். புகலிட அறை வெளியிலிருந்து வரும் மின்சாரத்தையும் அழுத்தக் காற்றையும் மட்டும் நம்பி இருக்கக் கூடாது. உலோகச் சுரங்கங்களில் 36 மணி நேரத் தாங்குதிறன் பரவலாக உள்ளது. அமெரிக்க நிலக்கரிச் சுரங்கங்களில் 96 மணி நேரத்துக்கு மூச்சுக்காற்று இருக்க வேண்டும் என்பது சட்டம்.

தீயை அணைக்க இறங்குவது எப்போதும் காற்று வரும் பக்கத்திலிருந்துதான். முதல் சில நிமிடங்களில் கையில் இருக்கும் கருவியால் அணையாத தீயை, பயிற்சி பெற்ற மீட்புக் குழு வரும்வரை விட்டு விலகிவிட வேண்டும். விசிறியை நிறுத்தலாமா, திருப்பலாமா என்ற முடிவைப் பதற்றத்தில் எடுக்கக் கூடாது. சரிவில் கீழ்நோக்கிக் காற்று ஓடும் பாதையில் தீ வலுத்தால், சூடான புகையின் மேலெழும் விசை விசிறியை வென்று, காற்று தானாகவே திசை மாறிவிடும். விசிறியை நிறுத்தினால் அது இன்னும் விரைவாக நடக்கும், நிலக்கரிச் சுரங்கத்தில் மீத்தேனும் சேரும். எந்த இடத்தில் தீ என்றால் விசிறியை என்ன செய்வது என்பதை அமைதியான நாளிலேயே கணித்து, கட்டுப்பாட்டு அறையில் எழுதி ஒட்டியிருக்க வேண்டும்.

அணைக்க முடியாத தீயைப் பகுதியோடு மூடி ஆக்சிஜனை நிறுத்துவது கடைசி வழி. ஆனால் மூடிய பின் உள்ளே மீத்தேன் 5 விழுக்காட்டைக் கடந்து ஏறும்; அந்நேரம் ஆக்சிஜனும் தணலும் மிச்சமிருந்தால் வெடிக்கும். நியூசிலாந்தின் பைக் ரிவர் சுரங்கத்தில் 2010 நவம்பர் 19 அன்று நடந்த வெடிப்பில் 29 பேர் சிக்கினார்கள். மீட்புக் குழுவை உள்ளே விடவில்லை என்ற வேதனையான குரல்கள் எழுந்துகொண்டிருந்தபோதே 24-ஆம் தேதி மறுபடி வெடித்தது. ஆகவே மூடும் சுவர்கள் வெடிப்பைத் தாங்கும் வலுவுடன் இருக்க வேண்டும், கடைசித் திறப்புகளை ஒரே நேரத்தில் அடைத்துவிட்டு எல்லோரும் உடனே வெளியேற வேண்டும், முடிந்தால் நைட்ரஜனை உள்ளே செலுத்தி வெடிக்கும் நிலையை விரைவாகக் கடக்க வேண்டும். சுவரின் பின்னாலிருந்து குழாய் வழியே மாதிரி எடுத்து மீத்தேன், ஆக்சிஜன், கார்பன் மோனாக்சைடு மூன்றையும் தொடர்ந்து பதிய வேண்டும். ஆக்சிஜன் மிகக் குறைந்து, கார்பன் மோனாக்சைடு அநேகமாக மறைந்து, அந்த நிலை வாரக்கணக்கில் மாறாமல் இருந்தால்கூட, நிலக்கரியும் பாறையும் தேக்கி வைத்த வெப்பம் ஆறியிருக்கும் என்று கொள்ள முடியாது. இந்தியாவின் ஜார்க்கண்டில் உள்ள ஜாரியா நிலக்கரி வயலில் 1916-இல் கண்டறியப்பட்ட தீயும், பென்சில்வேனியாவின் சென்ட்ரேலியாவில் 1962-இல் தொடங்கிய தீயும் இன்னும் எரிகின்றன. மூடிய பகுதியைத் திறக்கும் நாளில், மூச்சுக் கருவி அணிந்த குழு காற்றுப்பூட்டு (ஒரு கதவு மூடிய பிறகே மறு கதவு திறக்கும் இடைவழி) வழியாக முதலில் நுழைந்து வெப்பத்தை அளந்து திரும்பிய பிறகே காற்றை உள்ளே விட வேண்டும். விட்ட பின் கார்பன் மோனாக்சைடு ஏறத் தொடங்கினால் தயங்காமல் மறுபடி மூட வேண்டும், அதற்கான பொருள்கள் திறப்பதற்கு முன்பே சுவர் அருகில் வந்து சேர்ந்திருக்க வேண்டும்.